சவுக்குச் சருகும் ஒரு கீரைப் பாத்தியும்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சவுக்கு மரங்கள். எதற்கு நட்டார்கள் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஏதாவது வெடித்தால் கூரை ஓடும் கல்லும் தெறித்து ஊருக்குள் விழாமல் மரம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். வெயிலுக்கு என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மரம் அவர்களுடையது, சருகு என்னுடையது.

சவுக்குக்கு மற்ற மரங்களைப் போல இலை கிடையாது. பச்சை ஊசிகள்தான். கொடைக்கானலில் பைன் மரத்தடியில் மெத்தை மாதிரி கிடக்குமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேப்பிலை விழுந்தால் கூட்டி அள்ளிவிடலாம். இது கூட்டினால் வராது. விளக்குமாற்றுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், மண்ணோடு பின்னிக்கொள்ளும், காய்ந்தபின் தொட்டால் கணுக்கணுவாக ஒடிந்து பொடியாகும். கீரையோடு சேர்ந்து சட்டிக்குள் போனால் தொண்டையில் குத்தும். ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இந்தச் சனியனோடு நான் ஒரு வருஷத்தில் பாதியை மல்லுக்கட்டியிருக்கிறேன் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் மல்லுக்கட்டியது சருகுக்காக இல்லை, என் தங்கச்சிக்காக.

ஊருக்கு மேற்கே ஒரு கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். அங்கே தீப்பிடித்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தபின் அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். முகத்தில் ஒரு பக்கமும் கழுத்தும் இழுத்துக்கொண்டிருந்தன. வலது கை விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கியிருந்தன. விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா வைத்திருந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பந்து வந்த அன்றைக்கே கட்டிலுக்கு அடியில் போனது.

அவள் வாசலுக்கு வர மாட்டாள். யாராவது வந்து அக்கா என்று கூப்பிட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்விடுவாள். உடன் வேலை பார்த்த பெண்கள் ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அறைக்கதவைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போனார்கள். தன் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறாள், பாவம் என்று நானும் அவர்களிடம் சொல்லிச் சொல்லி அனுப்பினேன். கேஸ் அடுப்பு பற்றுகிற சத்தத்துக்கே அவளுக்கு உடம்பு தூக்கிப் போடும் என்பதால் கரண்ட் அடுப்புக்கு மாறினேன். திருக்கார்த்திகைக்குத் தெருவே விளக்காக இருந்தபோது எங்கள் வீடு மட்டும் இருண்டு கிடந்தது.

எனக்குச் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வேலை. காலண்டர் தாள்களில் கலர் பிசகியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். சீசனில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். ஆகவே பகலெல்லாம் அவள் தனியாகத்தான் இருப்பாள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, திரும்பிப் போகையில் அவள் எந்த நிலையில் இருப்பாளோ என்ற நினைப்பு வந்துவிட்டால் நிறுத்தம் வருமுன்னே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிடுவேன்.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் அவள் கட்டிலில் இல்லை. பதறிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு தக்காளிச் செடி தானாக முளைத்திருந்தது. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மடங்கின விரல்களாலேயே வேரைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூச்சுவிட்டால்கூட எழுந்து உள்ளே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

அந்த வாரமே ஆமத்தூரில் தெரிந்தவர்களிடம் சொல்லிக் கீரை விதை, வெண்டை விதை, கத்தரி நாற்று எல்லாம் வாங்கினேன். பின்பக்கம் ஒரு புடவை நீளம்தான் இருக்கும். கொத்திப் பாத்தி கட்டினோம். பின்பக்கம் என்பதால் தெருவிலிருந்து யாரும் பார்க்க முடியாது, மதில் வேறு உயரம். அவள் வெளியே வரச் சம்மதித்த ஒரே இடம் அதுதான். தண்டுக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினாள். ஒவ்வொரு விதையாகப் பிடிக்க அந்த விரல்கள் எவ்வளவு பாடுபட்டன என்று பார்த்தபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்த பந்து என்ன பந்து என்று தோன்றியது.

விதை முளைத்தது. அதோடு ஆடிக் காற்றும் வந்தது.

காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியைக் காணோம். பழுப்பு நிறத்தில் ஒரு பாய் விரித்த மாதிரி சருகு. தூக்கிப் பார்த்தால் அடியில் கீரை நாற்றெல்லாம் வெளுத்துப் படுத்துக்கிடந்தது. ஒரு பிடி சருகை எடுத்தால் அதோடு ஒரு பிடி நாற்றும் வந்தது. இரும்பு வாரியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதிலோரம் இரும்பு வேணாங்கா. ஒரு கல்லுல பட்டுப் பொறி பறந்தாப் போதும்."

வெடிமருந்து அறையில் பழகினவர்களின் புத்தி அது. மதிலுக்கு இந்தப் பக்கம் கீரைப் பாத்திதானே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் ஏறாது. வாரியைப் பரணில் போட்டுவிட்டு இரண்டு பேரும் விரலால் பொறுக்கினோம். பொறுக்கி முடித்து நிமிர்ந்தால் முதலில் பொறுக்கின இடத்தில் மறுபடி விழுந்து கிடந்தது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். குச்சி நட்டுப் பழைய சேலையைப் பந்தல் மாதிரி கட்டினேன். சருகு சேர்ந்து தொப்பை விழுந்து, காற்றில் கிழிந்து அத்தனையும் ஒரே இடத்தில் கொட்டியது. கொசுவலையைக் கட்டினேன். ஓட்டைக்கு ஓர் ஊசி என்று தைத்து வைத்ததுபோல் மாட்டிக்கொண்டு, வலையே பாயாகிவிட்டது. போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒருவர், சருகை அள்ளி எறியாதீர்கள், செடிக்கு மூடாக்குப் போடுங்கள், மண் பொன்னாகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதையும் கேட்டேன். பெரிய கத்தரிச் செடிக்கு அது ஒன்றும் செய்யவில்லை. கீரை முளைக்க வேண்டிய இடத்திலோ, ஊற்றின தண்ணீர் அந்தச் சருகு மேலேயே வழிந்து ஓடியது. அடியில் மண் வறண்டு கிடந்தது. சிரித்தவர் வீட்டுப் பக்கம் சவுக்கு மரம் இருந்திருக்காது.

மற்ற ஊராக இருந்தால் கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சியோடு காரியம் முடிந்திருக்கும். இங்கே மதிலுக்கு அந்தப் பக்கம் மருந்து. இந்தப் பக்கம் என் தங்கச்சி.

இரண்டாம் தடவை விதைத்ததும் அதே மாதிரி போனது. அன்றைக்கு அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு போட்டு வைத்தேன், அப்படியே இருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து, இன்னும் விதை இருக்கிறது, மறுபடி போடலாம் என்றேன்.

"என்னத்தப் போட்டாலும் மூடிரும். விடுக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் குரலில் ஒன்றுமே இல்லாததுதான் என்னைக் கலக்கிவிட்டது. கத்தரிக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தை மடியில் மறைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மதினியிடம் கொடுத்தேன். மதினி எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். திரும்பி வந்து பின்கதவில் நின்று மேலே பார்த்தேன். மரங்கள் பாட்டுக்கு உஸ் உஸ்ஸென்று ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அள்ளின சருகையெல்லாம் முறத்தில் வாரி வாரி, உங்கள் சொத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மதிலுக்கு மேலாக அந்தப் பக்கம் வீசினேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீசினேன்.

கம்பெனி போர்மேன் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்னக்கா இப்படிப் பண்ணுறீக? உள்ள மருந்து காயப்போட்டிருக்கோம். காஞ்ச சருகு வந்து விழுந்தா என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப மரத்த வெட்டுங்க."

"மரத்த வெட்டுனா ஆபீசர் வந்து மரம் எங்கனு கேப்பாக. அது எங்க கையில இல்ல."

"கொப்பையாவது கழிச்சு விடுங்களேன்."

"மொதலாளிகிட்டச் சொல்லுறேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. சருகு காஞ்சு மட்டும் கெடக்கக் கூடாது. ஒரு எடமாக் குமிச்சு, தெனமும் தண்ணி ஊத்தி நனைச்சு வைங்க. ஒங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அவரும் பிள்ளைகுட்டிக்காரர். கண்ணில் பயம் தெரிந்தது. அதற்கு மேல் நான் என்ன பேச? அன்றிலிருந்து மதிலோரம் ஒரு குவியல் ஏற ஆரம்பித்தது. பொறுக்குகிற சருகை அதில் போடுவேன். குழாயில் தண்ணீர் வருகிற நாள் தெரியாத ஊரில், அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர் என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கொண்டுபோய்க் கொட்டினேன். செடிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரைச் சருகுக்கு ஊற்றுகிற வீடு உலகத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

மூன்றாவது தடவை விதைத்தது நான்தான். அவள் எழுந்து வரவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை உட்கார்ந்து பொறுக்கினேன். காற்று ஓரளவு அடங்கியிருந்தது. இருந்தாலும் விழாத நாள் இல்லை. இடுப்பு ஒடிந்தது. அச்சாபீஸில் தாளைக் குனிந்து பார்க்கும்போது என் தலையிலிருந்து ஊசி உதிர்ந்து அச்சிட்ட சாமி படத்தின் மேல் விழும். பக்கத்தில் இருக்கிறவள் ஊதித் தள்ளிவிட்டு, "என்னக்கா, காட்டுலயா குடியிருக்கீக?" என்பாள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே ஒரு கணக்குதான். இந்தப் பாத்தி பிழைத்தால் அவள் பிழைப்பாள். இதுவும் போனால் எனக்கு வேறு வழி தெரியாது. இப்படி ஓர் உயிரைக் கொண்டுபோய்க் கீரைத் தண்டில் கட்டி வைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் பொறுக்கினேன்.

கீரை இரண்டிலை விட்டது, நாலிலை விட்டது. நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு காலையில் நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பாத்தியின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தாள். நானும் நிமிரவில்லை. இரண்டு பேரும் பொறுக்கினோம். அவள் விரல்கள் முன்னைவிட நிமிர்ந்திருந்தனவா, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

அது மார்கழி. குவியல் இடுப்பளவு வந்து மதிலில் சாய்ந்து நின்றது. இதை இப்படியே விட்டால் சரிந்து பாத்தியின் மேல் விழும், சாக்கில் அள்ளி ஓடைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று ஒரு காலையில் நினைத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வேன்களில் ஆள் வந்து இறங்கி வேலை ஆரம்பித்திருந்தது. குவியலின் நடுவில் தென்னமட்டையை விட்டு ஒரு பக்கமாகப் புரட்டினேன். உள்ளே கறுப்பாக இருந்தது. சாக்கு எடுக்க வீட்டுக்குள் போனேன்.

"அக்கா!"

அப்படி ஓர் அலறலை அதற்கு முன் அவளிடம் நான் கேட்டதில்லை. ஓடி வந்தேன். நான் புரட்டின இடத்திலிருந்து வெள்ளையாகப் புகை. மெல்ல இல்லை, குபுகுபுவென்று எழுந்து மதிலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கையில் கிடைத்த வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். புகை அடங்குவதற்குப் பதிலாக இன்னும் அதிகமாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கமிருந்து காற்றில் என்னென்ன தூசி வந்து இந்தச் சருகில் படிந்ததோ. அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் என்னவென்றால் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்! வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ஒரு கையை உள்ளே விட்டுப் பார்த்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்ததே எங்களைக் கிட்டே போகவிடவில்லை.

திரும்பிப் பார்த்தால் தங்கச்சியைக் காணோம்.

பயந்து எங்கேயாவது ஒளிந்துகொண்டாளோ என்று வீட்டுக்குள் தேடினேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. தெருவில் அவள் முக்காடு விழுந்து கிடந்தது. தெருமுனையில் கம்பெனியின் தகரக் கேட்டை யாரோ இடி இடி என்று இடிக்கிற சத்தம் கேட்டது. ஓடினேன். அவள்தான். மடங்கின கையையும் நல்ல கையையும் சேர்த்து ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய வாங்க! புகை வருது! போட்டது போட்டபடி வெளிய வாங்க!"

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். எங்கள் பக்கத்தில் புகை என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். உள்ளே மணி அடித்தது. பெண்களும் ஆண்களும் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள், கையிலும் முகத்திலும் மருந்தின் பளபளப்போடு. அவள் கேட்டில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தரையும் தோளில் தொட்டு ரோட்டுக்குத் தள்ளினாள். "கடைசி ரூம்ல ஆள் இருக்கா? பாத்தீகளா? கூப்பிட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்த போர்மேனின் சட்டையைப் பிடித்து இழுத்து, கடைசி அறைக்குத் திருப்பி அனுப்பினாள். அவர் போய் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். வெடிக்கவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஒன்றும் வெடிக்கவில்லை. கடைசியில் போர்மேன் மணல் வாளியோடு எங்கள் வீட்டுக்குள் போனார். ரோட்டில் நின்று நான் கும்பிடாத சாமி இல்லை. அவர் திரும்பி வந்தபோது கை நிறையக் கறுப்பாக ஏதோ இருந்தது. அதிலிருந்து ஆவி வந்தது.

"தீயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சருகு அவிஞ்சுபோயி உள்ளுக்குள்ள சூடாக் கெடக்கு. பனிக்கு ஆவி வருது. எருக்குழி கெணக்கா."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு எல்லாருமே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார்கள். போர்மேனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பயம் போனதும் கோபம் வந்துவிட்டது. நேராக அவளிடம் வந்தார்.

"ஏம்மா, என்னன்னு கிட்டப் போயிப் பாத்துட்டு வந்து சொல்ல வேணாமா? அம்புட்டுப் பேரையும் ஓட விட்டுட்ட. வேல கெட்டுப் போச்சு. மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நனைத்து வைக்கச் சொன்ன மகராசனே நீதானய்யா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசினாள். முக்காடு இல்லாமல், அத்தனை பேர் பார்க்க, இழுத்துக்கொண்ட அந்த வாயாலேயே பேசினாள்.

"பாத்துட்டு வந்து சொன்னா நேரம் இருக்காதுண்ணே."

அவர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பெண்கள் ஒவ்வொருத்தராக அவளைத் தாண்டிப் போனார்கள். ஒரு வயசான அம்மா மட்டும் நின்று, மருந்து ஒட்டின கையால் அவள் கன்னத்தைத் தொடப் போய், கை அழுக்கு என்று இழுத்துக்கொண்டார்.

நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாத்தி பாதி நாசம். பதறி ஓடின நாங்களும் மணல் கொண்டுவந்தவரும் மிதித்ததில் கீரை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதன் மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி சவுக்கு ஊசி உதிர்ந்துகொண்டிருந்தது. இனி இவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் போய்ப் பாத்தியில் உட்கார்ந்து, நிற்கிற நாற்றைச் சுற்றிப் பொறுக்க ஆரம்பித்தாள். கேட்டை இடித்ததில் விரல்கணுவெல்லாம் தோல் உரிந்திருந்தது. மஞ்சள் வைக்கலாம் வா என்றேன். அப்புறம் என்றாள். நானும் எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.

பாத்தியில் பாதி பொறுக்கினபின், தலை நிமிராமல் சொன்னாள்.

"அன்னைக்கு எங்கள யாரும் கூப்பிடலக்கா."

எனக்கு உடனே புரியவில்லை. எந்த அன்றைக்கு என்று கேட்கப் போய் நிறுத்திக்கொண்டேன்.

"வெளிய காயப்போட்ட எடத்துலதான் மொதல்ல புகைஞ்சிருக்கு. பாத்தவுக இருந்தாக. எங்க ரூம் வாசல் வழியாத்தான் ஓடுனாக. சன்னல்ல பாத்தேன். என்னமோ அவசரம்னு நெனச்சு குனிஞ்சு வேலையப் பாத்தேன்."

"யாருடி?" என்றேன்.

"அது எதுக்கு? உசுருக்குப் பயந்து ஓடுனாக. நானும் ஓடித்தான் இருப்பேன்." ஓர் ஊசியை இரண்டு விரலால் பிடிக்க முயன்று, நழுவவிட்டு, மறுபடி பிடித்தாள். "ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாகல்ல, அவுகதான்."

எத்தனை தடவை அவர்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்திருக்கிறேன். முகத்தைக் காட்டக் கூச்சப்படுகிறாள், தப்பாக நினைக்காதீர்கள் என்று அவர்களிடம் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதைத்தான் சொன்னேன் அவளிடம். ஒன் மூஞ்சியப் பாத்துருவாகன்னுதான் நீ உள்ள போயிருறேன்னு நெனச்சேன் புள்ள, என்றேன்.

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இல்லக்கா. அவுக மூஞ்சிய நான் பாத்துரக் கூடாதுன்னுதான்."